பியானோச் சுத்தியலுக்கு ஹார்ட்னர்: மலைநாட்டில் முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு

"சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வார மாதிரி இருக்கு தம்பி." நுவரெலியா, ஹட்டன் பக்கம் பாடசாலையிலோ தேவாலயத்திலோ பியானோ பார்க்கப் போனால் மியூசிக் டீச்சர்மார் முதலில் சொல்வது இதைத்தான். அதில் பொய்யே இல்லை. கம்பியை அடிக்கும் சுத்தியலின் தலையில் இருப்பது செம்மறியாட்டு உரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட். ஆதியில் அந்த இடத்தில் தோல் இருந்தது. 1826 இல் பாரிஸில் பியானோ செய்துகொண்டிருந்த ழான் ஆன்றி பாப் ஃபெல்ட் சுத்தியலுக்குக் காப்புரிமை எடுத்தார். அன்றிலிருந்து பியானோவின் குரல் கம்பளியின் கையில்தான்.

ஃபெல்ட் இறுகினால் ஒலி கணீரென்று வரும். தளர்ந்தால் மங்கும். மங்கிய சுத்தியலை இறுக்க, ஏதாவது ஒரு பிசினைக் கரைப்பானில் கலந்து ஃபெல்ட்டுக்குள் விடுவார்கள். கரைப்பான் ஆவியாகிப் போகும். பிசின் உள்ளே தங்கி நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும். ஹார்ட்னர் போடுவது என்பது இவ்வளவுதான். விடுவதற்கு ஒரு நிமிடம் போதும். விட்டதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், போத்தலைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலைகளைப் பற்றியே இருக்கிறது. நமது மலையில் மங்கலாக ஒலிக்கும் பியானோக்களில் பலவற்றுக்கு ஹார்ட்னர் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

எந்தச் சுத்தியலுக்கு?

எல்லாச் சுத்தியலும் ஒரே மாதிரிச் செய்யப்படுவதில்லை. நியூயோர்க்கில் செய்யும் ஸ்டெயின்வேக்கு மென்மையான சுத்தியலைப் போட்டு, தொழிற்சாலையிலேயே லெக்கர் விட்டு இறுக்குவது வழமை. அதே கம்பனியின் ஹம்பேர்க் பியானோவில் சுத்தியல் இறுக்கமாக அழுத்தப்பட்டே வரும். அதை ஊசியால் குத்தி இளக்குவார்கள். யமஹா, கவாய் சுத்தியல்களும் இறுக்கமான வகைதான். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பியானோ ஒன்றை வாங்கியவர் "சத்தம் சரியில்லை" என்று சொன்னால், அநேகமாக அது மிதமிஞ்சிக் கூர்மையாகத்தான் இருக்கும். வருடக்கணக்காக அடிபட்டு, கம்பி பட்ட இடத்தில் ஃபெல்ட் கட்டிபட்டுப் போயிருக்கும். அதற்கு ஹார்ட்னர் விடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

தோட்டத்து பங்களாக்களிலும் பழைய பாடசாலைகளிலும் இருக்கும் ப்ரோட்வுட், சாப்பல், சாலன் போன்ற ஆங்கிலேயப் பியானோக்களின் கதை வேறு. அவற்றில் உண்மையிலேயே சோர்ந்துபோன சுத்தியல்களைக் காணலாம். ஆனால் பழைய ஆங்கிலேய நிமிர் பியானோ சிலவற்றில் டேம்பர்கள் (கம்பியில் அணைந்து ஒலியை நிறுத்தும் ஃபெல்ட் கட்டைகள்) சுத்தியலுக்கு மேலே, முன்பக்கம் கம்பிக் கூடு போட்டது போல இருக்கும். அந்த வகை கிடைத்தால், முதன்முறை செய்கிறவர் தொடவேண்டாம். அந்தக் கம்பிகளில் ஒன்று வளைந்தாலும் டேம்பர் சரியாக உட்காராது. பிறகு ஒலி மங்கல் என்ற முறைப்பாடு போய், ஒலி நிற்கமாட்டேன் என்கிறது என்ற முறைப்பாடு வரும்.

மருந்தில்லாத வைத்தியம்

முதலில் பியானோ காயவேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து திரும்பிப் போகும். காற்றின் ஈரப்பதம் 80 வீதத்துக்கு மேலேயே நிற்கும். கம்பளி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஈரமான ஃபெல்ட் பொதுக்கென்று வீங்கி அடிக்கும். பியானோவின் கீழ்ப்பெட்டிக்குள் 40 வாட் மின்குமிழ் ஒன்றைக் கட்டி எரியவிடுவது நமது ஊர்களில் பழைய பழக்கம். நல்ல பழக்கமும்கூட. மரத்திலும் துணியிலும் தொடாமல், கம்பிக்கூடு போட்டுத் தொங்கவிடுங்கள். பழைய இழைக் குமிழ்தான் வேண்டும். மின் கட்டணத்தை நினைத்து எல்.இ.டி. குமிழைப் போட்டுவிட்டு, ஏன் காயவில்லை என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் சூடு இல்லையே! இரண்டு, மூன்று வாரம் இப்படிக் காயவைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பாதிப் பியானோக்கள் இங்கேயே குணமாகிவிடும்.

அடுத்தது கம்பி. கீழ்ச்சுரங்களின் கம்பிகளில் செம்பு சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுகளுக்கிடையில் ஈரமும் அழுக்கும் துருவும் ஏறினால் கம்பியே செத்துவிடும். டேம்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியை நகத்தால் மீட்டிப் பாருங்கள். மீட்டும்போதும் 'தொப்' என்றுதான் ஒலிக்கிறதென்றால் குற்றம் கம்பியில். சுத்தியலைக் கல்லாக மாற்றினாலும் அது திருந்தாது.

மூன்றாவது, சுத்தியல் எல்லாக் கம்பியையும் சேர்த்து அடிக்கிறதா என்று பார்ப்பது. நடுச்சுரங்களுக்கும் மேற்சுரங்களுக்கும் மூன்று மூன்று கம்பி. சுத்தியலை மெதுவாகக் கம்பியில் அணைத்துப் பிடித்து, டேம்பரை விலக்கி, மூன்றையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். அணைந்த கம்பி ஊமையாக இருக்கும். சுத்தியல் படாதது மட்டும் ஒலிக்கும். அப்படி ஒன்று ஒலித்தால் சுத்தியலின் முகம் சரிந்திருக்கிறது, அல்லது அந்தக் கம்பி ஏறியோ இறங்கியோ இருக்கிறது. ஒரேயொரு சுரம் மட்டும் பக்கத்துச் சுரங்களைவிட மங்கலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான்காவது, உருவம். பக்கவாட்டில் பார்த்தால் நல்ல சுத்தியல் முட்டையின் சிறிய முனை போல இருக்கும். தேய்ந்தது தட்டையாக, மூன்று பள்ளங்களோடு இருக்கும். மட்டமான பலகைத் துண்டில் சாண்ட் பேப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள். 120 இல் தொடங்கி, 220 க்குப் போய், 400 இல் முடிக்கலாம். சுத்தியலின் காம்பைப் பின்னாலிருந்து விரலால் தாங்கிக்கொண்டு, தோளிலிருந்து, அதாவது பக்கவாட்டுச் சரிவிலிருந்து, கம்பியைத் தொடும் உச்சியை நோக்கி இழுங்கள்; உச்சிக்குச் சற்று முன்னால் கையை எடுத்துவிடுங்கள். பிறகு மற்றப் பக்கத்துத் தோளிலிருந்தும் அப்படியே. உச்சியைக் குறுக்கே தேய்த்தால் மீண்டும் தட்டையாகிவிடும். மேற்சுரங்களில் ஃபெல்ட் மிக மெல்லியது. அங்கே கொஞ்சம் கூடினாலும் மரம் தெரிந்துவிடும். அந்துப்பூச்சி அரித்து ஓட்டை போட்ட சுத்தியலாக இருந்தால் இந்த வேலையெல்லாம் வீண், புதுச் சுத்தியல்தான் வழி.

சுருதி சேர்த்து, கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கொண்டுபோகும் பொறியமைப்பான அக்‌ஷனின் அளவுகளையும் சரிபார்த்த பிறகும் மங்கலாக இருந்தால், அப்போதுதான் ஹார்ட்னர் பேச்சு.

அதிலும் ஒரு பரீட்சை இருக்கிறது. ஒரு சுரத்தை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று விதமாக வாசியுங்கள். மெல்ல வாசிக்கையில் மங்கி, ஓங்கி அடிக்கையில் நன்றாகத் திறந்தால் குறை மேற்பரப்பில் மட்டும்தான். 400 தாளால் உச்சியை லேசாகத் தடவினாலே தெளிந்துவிடும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரு எல்லைக்கு மேல் குரல் எழும்பவில்லை என்றால் உள் அடுக்குகள் தளர்ந்திருக்கின்றன. ஹார்ட்னர் இந்த இரண்டாவது நோய்க்கான மருந்து.

எதைக் கரைப்பது

கடையில் போய் வெறுமனே "ஹார்ட்னர்" என்று கேட்டுவிடாதீர்கள். வாகனப் பெயின்ட்டுக்குச் சேர்க்கும் இரண்டாம் பாகத்தையோ, பசைக்குக் கலக்கும் குழாயையோ எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் சுத்தியலுக்கு ஆகாது. ஒருமுறை இறுகினால் எதிலும் கரையாது.

எளிதில் கிடைப்பது நைட்ரோசெலுலோஸ் லெக்கர். கடைக்காரர் 'என்.சி. லெக்கர்' என்பார். பளபளப்பான வகையை வாங்குங்கள். மட் வகையில் பளபளப்பைக் குறைக்கும் தூள் கலந்திருக்கும், அந்தத் தூள் ஃபெல்ட்டுக்குள் போய் என்ன பயன்? அதற்குரிய லெக்கர் தின்னரையே கலக்கவேண்டும். புதிய மென்மையான சுத்தியலுக்குக் கைதேர்ந்தவர்கள் ஒரு பங்கு லெக்கருக்கு மூன்று, நான்கு பங்கு தின்னர் சேர்ப்பார்கள். பழைய சுத்தியலில் முதன்முதலாகக் கை வைக்கிற நீங்கள் ஆறு பங்கு தின்னரோடு தொடங்குங்கள். போதாவிட்டால் பிறகு இன்னொரு தடவை விடலாம்.

இரண்டாவது வழி, அசிற்றோனில் பிளாஸ்டிக்கைக் கரைப்பது. பழைய பியானோவிலிருந்து கழன்ற வெள்ளைக் கட்டைகளின் பிளாஸ்டிக் மூடிகளைத் துண்டாக்கி, 100 மில்லிலீற்றர் அசிற்றோனுக்கு 2 கிராம் என்ற அளவில் போட்டு, இரவு முழுக்க மூடி வைத்துக் குலுக்குங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் நீரும் கலந்திருக்கும் என்பதால் அது வேண்டாம். ஃபைபர்கிளாஸ் வேலைக்குச் சாமான் விற்கும் கடையில் சுத்தமான அசிற்றோன் கேட்கலாம். இந்தக் கலவை லெக்கரைவிட வேகமாகக் காயும், பலனும் சீக்கிரம் தெரியும். அதே வேகத்தில் அளவும் மிஞ்சிப்போகும்.

அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பாதுகாக்கப் பாவிக்கும் பரலோய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைச் சிலர் விரும்புகிறார்கள். காலம் போனாலும் மஞ்சளாகாது, அசிற்றோனில் மீண்டும் கரையும். கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. அவலரக்கை மதுசாரத்தில் கரைத்தும் விடலாம். மாத்தளைப் பக்கத்து லாக்‌ஷா வேலைக்காரர்கள் நகத்தால் இழுத்துக் கோலம் போடுவதும் அரக்கில்தான், ஆனால் நமது ஈரத்தில் அது காய்வதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். சுப்பர் க்ளூ மட்டும் வேண்டவே வேண்டாம்.

எந்த மாதத்தில்

இதை வேறு நாட்டுக் கைநூல்கள் சொல்லித் தரா. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் அடிக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா எல்லாம் அப்போது நனைந்து கிடக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து, கச்சானாக வறண்டு வீசும். ஆகவே பண்டாரவளை, பதுளைக்காரருக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்ல காலம். மேற்குச் சரிவுக்காரர் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பார்த்துக்கொள்வது நல்லது.

ஈரக்காற்றில் என்ன கெடும்? தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் படியும். லெக்கர் வெளுத்துப் பால் நிறமாகிவிடும். இறுக்கமும் ஒழுங்காக ஏறாது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 70 வீதத்துக்கு மேல் காட்டினால் போத்தலைத் திறக்காதீர்கள். காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் நன்றாக ஏறிய நேரம் பார்த்துத் தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள்.

நெருப்பு

அசிற்றோன் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுத்த அறை அடுப்பு வரை போகும். நுவரெலியா பங்களாக்களில் பியானோ நிற்பதே பெரும்பாலும் கணப்புக்குப் பக்கத்தில். அதனால் அக்‌ஷனை வெளி விறாந்தைக்கு எடுத்துச் சென்று செய்யுங்கள். விறகடுப்பு, காஸ் அடுப்பு, சாம்பிராணி, சிகரட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பியானோவுக்குள் இருக்கும் மின்குமிழை அணைத்துக் கழற்றி வையுங்கள். மருத்துவ முகக்கவசம் ஆவியைத் தடுக்காது; கரிமக் கரைப்பானுக்குரிய வடிகட்டி பூட்டிய கவசம் வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிற்றோன் சீக்கிரம் ஊடுருவும், நனைந்தவுடன் மாற்றுங்கள். துடைத்த சீலைகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவையுங்கள்.

அக்‌ஷனை எடுத்தல்

நிமிர் பியானோவில் மேல்மூடி, முன்பலகை, கட்டை மூடி ஆகியவற்றைக் கழற்றினால் அக்‌ஷனின் இரும்புத் தாங்கிகள் தெரியும். மேலே இருக்கும் திருகுகளைக் கழற்றி, மிதிகட்டைக் கோல்களை விலக்கி, இரண்டு கையாலும் தாங்கி முன்னால் சாய்த்துத் தூக்கவேண்டும். கனமானது, கூட ஒருவர் இருக்கட்டும். பழைய பியானோக்களில் துணி நாடாக்கள் உளுத்திருக்கும், மெதுவாக. கிராண்ட் பியானோவில் அக்‌ஷனைக் கட்டைகளோடு சேர்த்து இழுக்கவேண்டும். இழுக்கும்போது ஒரு கட்டையில் கை பட்டாலும் அந்தச் சுத்தியல் எழும்பி மேற்பலகையில் மோதி முறியும். தெரிந்த ஒருவர் எடுப்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நிமிர் பியானோவின் அக்‌ஷனை மேசையில் முன்பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்தால் சுத்தியல்களின் உச்சி வானத்தைப் பார்க்கும். அப்போதுதான் இரண்டு தோளும் சமமாக நனையும். டேம்பர்களைப் பழைய சீலையால் மூடுங்கள்.

துளி

சுத்தியலின் உச்சி 12 மணி என்றால், முதல் துளிகள் விழவேண்டிய இடம் ஒரு பக்கம் 10 மணி, மறுபக்கம் 2 மணி. முதல் சுற்றில் உச்சியில் எதுவும் படக்கூடாது. உள்ளே இறுகி, மேலே கம்பியைத் தொடும் இடத்தில் கொஞ்சம் மென்மை இருந்தால்தான் மெல்ல வாசிக்கும்போது இனிமை வரும்.

மருந்தகத்தில் வாங்கும் ஊசிக்குழல் பார்க்கத் தோதாக இருக்கும். ஆனால் அதன் தண்டிலுள்ள கறுப்பு ரப்பர் அசிற்றோனில் ஊறி வீங்கி இறுகிவிடும். தள்ளினால் அசையாது, இன்னும் அழுத்தினால் ஒரேயடியாகப் பீய்ச்சியடிக்கும். ரப்பர் இல்லாத குழலோ, கண்ணாடிச் சொட்டுக்குழாயோ நல்லது.

88 சுத்தியலிலும் ஒரே நாளில் விடாதீர்கள். ஒவ்வொரு ஓக்டேவிலும் ஒரு சி மட்டும் எடுங்கள். ஒரு தோளுக்கு இரண்டு துளி. விட்டதும் சுத்தியலைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். நனைந்த ஃபெல்ட் சாம்பல் நிறமாகக் கறுக்கும். அந்த நிழல் தோளிலிருந்து உள்ளே மரத்தை நோக்கி நகர்வது தெரியும். மரத்தின் நுனியைச் சுற்றி இரண்டு நிழலும் சேர்ந்தால் போதும். உச்சியை நோக்கி ஏறத் தொடங்கினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். காம்பு வழியாக வழிந்து கீழே மூட்டு ஊசி வரை போனால் சுத்தியல் ஒட்டிக்கொள்ளும். சீலையைத் தயாராக வைத்திருங்கள். வெள்ளைக் கட்டையிலோ பியானோவின் பொலிஷிலோ ஒரு சொட்டு விழுந்தாலும் தழும்பு நிற்கும்.

கடைசி ஓக்டேவுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே ஃபெல்ட் மெல்லியது, கம்பி விரல் நீளம்தான் இருக்கும். தோளில் விட்டும் பலன் இல்லையென்றால் உச்சியிலேயே ஒரு துளி விடலாம்.

காத்திருந்து கேட்பது

இதுதான் கடினம். அசிற்றோன் கலவை அரை மணி நேரத்தில் காய்ந்த மாதிரித் தெரியும், லெக்கர் மாலைக்குள். நம்பாதீர்கள். வறண்ட நாளில் 24 மணி நேரம், குளிர் ஏறிய நாளில் இரண்டு, மூன்று நாள் விடவேண்டும். கரைப்பான் கடைசியாக வெளியேறும் வரை ஒலி கூர்மையாகிக்கொண்டே போகும். "ஒன்றும் மாறவில்லையே" என்று அன்று மாலையே இன்னொரு சுற்று விட்டவருக்கு, வார முடிவில் தகரத்தில் அடிப்பது போன்ற ஒரு பியானோ கிடைக்கும். மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் மணம் இருக்கும் வரை வேலை முடியவில்லை.

மணம் போன பிறகு அக்‌ஷனைப் பூட்டி, சி சுரத்தையும் அதன் பக்கத்தில் எதுவும் விடாத சுரத்தையும் மாறி மாறி வாசியுங்கள். ஓங்கி வாசிக்கையில் எழும்புகிறதா, மெல்ல வாசிக்கையில் இன்னும் மென்மை இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் அதே அளவை மற்றச் சுத்தியல்களுக்கும் விடலாம். போதாதென்றால் இன்னொரு சுற்று, இன்னும் மெல்லிய கலவையில்.

கூடிப்போனால் ஊசிதான். ஒரு மரப்பிடியில் இரண்டு, மூன்று தையல் ஊசிகளை 2 மில்லிமீற்றர் மட்டும் வெளியே தெரியும்படி பொருத்தி, உச்சிக்கு இருபுறமும் லேசாகக் குத்துங்கள். ஒவ்வொரு தடவையும் குத்திவிட்டு வாசித்துக் கேளுங்கள். பிசின் உச்சியில் தேங்கியிருந்தால், வெறும் கரைப்பான் ஒரு துளி விட்டால் அது பிசினில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துச் செல்லும். அதற்கும் மறுபடி அதே காத்திருப்பு. மேற்பரப்பு மொரமொரப்பாக இருந்தால் 400 தாளால் ஒரு தடவல்.

பரீட்சைக் காலத்துக்கு முந்திய வாரம் இந்த வேலையை யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் பழகிய கைக்கும் காதுக்கும் அது புதுப் பியானோவாகிவிடும். டீச்சரும் பெற்றோரும் சேர்ந்து உங்களைத்தான் பிடிப்பார்கள்.

முடிந்ததும், செய்ததைக் கடதாசியில் எழுதிப் பியானோவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்: என்ன பிசின், என்ன கரைப்பான், எத்தனைக்கு எத்தனை, எந்தச் சுரத்திலிருந்து எதுவரை, எத்தனை துளி, மாதம், வருடம். லெக்கர் விட்ட சுத்தியலும் அசிற்றோன் கலவை விட்ட சுத்தியலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுத்து வருகிறவர் எந்தக் கரைப்பானை எடுப்பது என்று அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.